மூச்சை அடக்கி பாரம் தூக்காதீங்க



நம்மில் பலர் சித்தாள் வேலைக்குப் போறோம். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை நகர்த்தும்போதும், கலவைச் சட்டியைத் தலைக்கு ஏத்தும்போதும் மூச்சை அடக்கிக்கிறோம். அந்த நேரம் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பாரத்தை இறக்கினால் இறங்கும். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்களுக்கு அந்த ஏற்றமே ஆபத்து.

"தலைவலி இல்லையே" என்று மாத்திரையை நாமாக நிறுத்திடறோம். பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாதுங்க.

ஆகவே மூச்சை விட்டபடியே தூக்குவோம். மூட்டையை இரண்டு பேராகப் பிடிப்போம். 140/90க்கு மேல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் பாரம் தூக்க வேண்டாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள்.

இனி குழுக் கூட்டத்தில் சேமிப்போடு, "மாத்திரை போட்டியாக்கா?" என்றும் கேட்போம்.