குளிர்காலத்தில் ஆற்று மீன்பிடி: இரையும் தூண்டிலும் மாற வேண்டும்

(குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கிவிட்டால் தாமிரபரணிக் கரையில் ஒரே பேச்சுதான்: "ஆத்துல மீனே இல்ல." சுபுஹு தொழுதுவிட்டுத் தூண்டிலோடு போகிற பிள்ளைகள் வெறும் பையோடு திரும்புகிறார்கள். நாலு நாள் இப்படிப் போனால், ஐந்தாம் நாள் யாராவது ஒருவன் பிளீச்சிங் பவுடரைப் பற்றியோ கரண்ட் கம்பியைப் பற்றியோ பேச ஆரம்பிப்பான். அந்தப் பேச்சுக்கே இடம் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறேன்.

மீன் எங்கேயும் போய்விடவில்லை. நம் உடம்பு எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். மீனுடைய உடம்பு அப்படி அல்ல. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிரும். செரிமானம் மெதுவாகும், பசி குறையும், ஓடி ஆடி இரை தேடாது. காஷ்மீர்க் குளிர் நமக்கு இல்லைதான். ஆனாலும் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே வளர்ந்த மீனுக்கு நாலைந்து டிகிரி குறைந்தாலே பெரிய மாற்றம். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். குளிரில் முதலில் சுணங்குவது அதுதான்.

தண்ணீர் குளிர்ந்துவிட்டதை அறிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே வந்தால் அது உறையத் தொடங்கும். காலையில் உம்மா பாட்டிலை வெயிலில் வைக்கிறார்கள் என்றால், நீங்கள் தூண்டிலை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் நேரம். கோடையில் விடியற்காலை நல்ல நேரம். குளிர்காலத்தில் அதுதான் மோசமான நேரம், தண்ணீர் மிகவும் குளிர்ந்து கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு போங்கள். லுஹரை ஒட்டி, அஸர் வரைக்கும் மீன் ஓரளவு இரை எடுக்கும். இடமும் மாறும். வேகமாக ஓடுகிற தண்ணீரில் நிற்பதற்கு மீனுக்குத் தெம்பு வேண்டும். அதனால் ஆழமான கசங்களிலும், பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும் இடங்களிலும் ஒதுங்கிக் கிடக்கும். இரையும் அங்கே, அடித்தரையை ஒட்டிப் போக வேண்டும்.

இனி இரை. பலரும் மாவு உருண்டையில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் அந்த எண்ணெய் உறைந்து, மாவு கல்லாகிவிடும். வாசமும் பரவாது. பதிலாகக் கோதுமை மாவைத் தளர்வாகப் பிசைந்து, நசுக்கிய பூண்டோ ஒரு சிட்டிகை பெருங்காயமோ சேருங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் உறையாத நல்லெண்ணெய் சில சொட்டுப் போதும். உருண்டை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். பசி குறைந்த மீன் சிறிய கவளத்தைத்தான் வாயில் வைக்கும். பொரியும் தவிடும் அள்ளி வீசுகிறவர்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். கொஞ்சமாகப் பசித்த மீனின் வயிற்றை நீங்களே நிரப்பிவிட்டால், முள்ளில் உள்ளதை அது ஏன் தொடப்போகிறது?

மண்புழு நல்ல இரை. கெளுத்தியும் ஆராலும் விடாது. மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடும்போது மீன் கண்ணால் தேடாது, வாசத்தால் தேடும். அப்போது புழுவைச் சற்றுத் தாராளமாக வையுங்கள். தை மாதம் தண்ணீர் தெளிந்த பிறகு சிறு துண்டு போதும். நறுக்கிய புழுவில் வாசம் நன்றாகப் பரவும். விராலுக்காக உயிருள்ள தவளையைக் கோர்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். துடிக்க விட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. கோழிக்குடலும் இறால் துண்டும் அந்த வேலையைச் செய்யும். உயிரினத்தை வீணாக வதைக்கக் கூடாது என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம்தானே.

அடுத்து கருவி. கலங்கல் நீரில் கனமான நரம்பு மீனுக்குத் தெரியாது. தெளிந்த நீரில் தெரியும். 0.35 மி.மீ. நரம்பு போட்டவர்கள் 0.20 அல்லது 0.25 மி.மீ.க்கு இறங்குங்கள். முள்ளும் சிறிதாக வேண்டும். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். 6ஆம் எண் போட்டவர் 10 அல்லது 12 போடலாம். முள் சிறிதானாலும் கூர்மையாக இருக்கட்டும்.

தக்கையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிரில் மீன் இரையை வெடுக்கென்று இழுக்காது, உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும். பருமனான தக்கை அசையவே அசையாது. மயிலிறகுத் தண்டு போல மெல்லியதாக வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் கட்டுங்கள். லேசாக அசைந்தாலும், நுனி உயர்ந்து படுத்தாலும் அது கடிதான். நீரோட்டம் கூடுதலாக இருந்தால் தக்கையை எடுத்துவிட்டு அடித் தூண்டில் போடுங்கள். அதற்கு உருண்டை ஈயம் வேண்டாம், உருண்டு ஓடிவிடும். தட்டை ஈயம் தரையில் நிற்கும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குகிறார்கள். ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சிறிய குறடு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆற்றிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சில நாள் மீன் கிடைக்காது. அது ரிஸ்க், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு கிலோ மீனுக்காக ஆயிரம் குஞ்சுகள் சாகும். கீழே அதே தண்ணீரைத்தான் ஊர்கள் குடிக்கின்றன. கரண்ட் கம்பியோ பிடிக்கப் போனவனையே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, உயிர். இந்த மாதங்களில்தான் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் நிரம்புகின்றன. இங்கே வானம் வெளுத்திருக்கும், மேலே திறந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்து வந்து சேரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்து, நம் ஆறு என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே வெள்ள எச்சரிக்கை இருந்தால் ஆற்றுப் பக்கமே போகாதீர்கள். தடுப்பணைக்குக் கீழே நின்று தூண்டில் போடாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, செத்தை மிதந்து வந்தாலோ, மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக வேண்டாம். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், மஃரிபுக்கு முன் வீடு திரும்புங்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கின் காலிலும் ஆட்டின் காலிலும் அது சுற்றிக்கொள்ளும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குஞ்சு மாட்டினால் ஈரக்கையால் பிடித்துத் திரும்ப விடுங்கள். வீட்டுத் தேவைக்கு எடுத்து, கூடுதலாகக் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

வாப்பாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள் பிள்ளையோடு நீங்களும் கரைக்குப் போங்கள். செல்போனை வீட்டில் பிள்ளைகளின் உம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள், அவசரத்துக்கு வேண்டும். பையிலேயே இருக்கட்டும், கையில் வேண்டாம். இன்ஷா அல்லாஹ் நல்ல மீனோடு திரும்புவீர்கள்.

வஸ்ஸலாம்.