இரு பஞ்சாங்கங்களும் ஓர் அட்டமியும்

திவசம் எந்நாளில் என்று பார்க்குங்கால் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நாளையும், திருக்கணித பஞ்சாங்கம் மறுநாளையும் காட்டுவதுண்டு. யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இச்சங்கடம் புதியதன்று.

சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்திற் செல்வதில்லை. ஆதலின் ஒரு திதி 20 மணித்தியாலத்திலும் முடியும், 27 மணித்தியாலத்தை நெருங்கியும் நீளும்.

இந்நடையை முன்னோர் 248 வாக்கியங்களில் அடக்கினர். எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண்; வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு நாள். சந்திரன் பூமியை அணுகி, அகன்று, மீண்டும் அணுகுதல் ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாள் செல்லும். மனனஞ் செய்தவருக்கு ஏடும் வேண்டியதில்லை. 1825 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணமொன்றைத் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பியே, ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த வழுவுடன் கணித்துக் காட்டினார்!

ஆயினும் சூரியனின் ஈர்ப்பினாற் சந்திரனுக்கு நேரும் வேறு சில அசைவுகள் வாக்கியத்தில் இல்லை. திருக்கணிதம் அவற்றையுஞ் சேர்க்கிறது. அமாவாசையிலும் பூரணையிலும் இக்குறை பெரிதாகத் தோன்றாது. அட்டமியை அண்டியே வேறுபாடு சில மணித்தியாலங்களாகப் பெருகும். அமாவாசை விரதத்திற் பிணக்கு அரிதாயிருக்க, அட்டமித் திவசத்தில் அது எழுவதற்குக் காரணம் இதுவே. வானத்தை நோக்கின் திருக்கணிதமே மெய்க்கு அண்மையது. இல்லத்திலோ, தகப்பனார் கைக்கொண்ட பஞ்சாங்கத்தை விட மனம் வருவதில்லை.