நூறு காசு, நூறு கோழி

5ஆம் நூற்றாண்டுச் சீனக் கணித அறிஞர் சாங் சியுஜியன் நூலில் ஒரு கணக்கு. சேவல் 5 காசு, பெட்டைக்கோழி 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு. 100 காசுக்கு, மூன்று வகையும் சேர்த்து, 100 உருப்படி வாங்க வேண்டும்.

இரண்டு நிபந்தனைகளையும் சமன்பாடாக்கிக் குஞ்சை நீக்கினால், ஏழு மடங்கு சேவலும் நாலு மடங்கு பெட்டையும் சேர்ந்து 100. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்றே. விடை வராதென்று தோன்றும். ஆனால் அரைச் சேவலை யாரும் விற்பதில்லையே! அதுதான் திறவுகோல். 100 நாலால் வகுபடும், பெட்டைப் பங்கும் வகுபடும். ஆக, ஏழு மடங்கு சேவலும் வகுபடணும்; ஏழுக்கும் நாலுக்கும் பொதுக் காரணி இல்லாததால், சேவல் நாலின் மடங்காகவே இருக்கணும். என்ன அழகான இடம் இது!

4 சேவல், 18 பெட்டை, 78 குஞ்சு. காசு 20, 54, 26. கூட்டிப் பாருங்கள், நூறு. இன்னும் இரண்டு விடைகள் உண்டு. காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.