சீக்கிரம் தெரிந்தால் பயமில்லை
(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி. பற்றிப் பேச்சு என்றதும் "இது நம்ம பிளாட்டுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது நம் சென்னைக்காரர்கள்தான். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அன்று கண்டுபிடித்தாலும் கொடுக்க மருந்து இல்லை. இன்று இருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் அரசே இலவசமாகத் தருகிறது. தொற்று உறுதியானால் உடனே மருந்து என்பது 2017 முதல் நடைமுறை. தவறாமல் சாப்பிட்டால் சராசரி ஆயுளை வாழலாம். கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்கும் பரவாது.

பிறகு என்ன பிரச்சினை? தாமதம்தான். பல வருடம் எந்த அறிகுறியும் இருக்காது. காசநோயோ கடும் எடைக்குறைவோ வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்கு முன் விட்டு விட்டு வரும் காய்ச்சல், அக்கி, வாயில் வெண்படலம் என்று பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் பல தடவை போயிருப்பார்கள். அங்கே யாராவது ஒருவர் "இந்த டெஸ்டும் எடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தால் போதும்.

அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்களுக்குப் பயிற்சி முக்கியம். லண்டனின் ஹாக்னி பகுதியில் 2010 முதல் 2012 வரை 40 கிளினிக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கிளினிக்குகளில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, புதிதாகப் பதிவு செய்ய வருபவர்களிடம் விரல்நுனி ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கச் சொன்னார்கள். அங்கே 32 பேருக்குப் புதிதாகத் தொற்று தெரியவந்தது. மற்றவற்றில் 14 பேர்தான்.

பயிற்சியில் ஊசி குத்துவது சின்ன விஷயம். கேட்பதுதான் பெரிய விஷயம். தனியாக அழைத்துப் பேச வேண்டும். சம்மதம் வாங்க வேண்டும். முடிவை மூன்றாம் நபரிடம் சொல்லக் கூடாது. முதல் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தாலும் அதுவே முடிவல்ல. நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி வேறு சோதனைகளால் உறுதி செய்ய வேண்டும். 'இல்லை' என்று வந்தாலும், அண்மையில் தொற்றியிருக்க வாய்ப்பிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஆளைப் பார்த்து எடைபோடக் கூடாது. நம் பகுதியில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், கப்பலில் போகிறவர்கள், காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் என்று பலர் உண்டு. அவர்களை மட்டும் சந்தேகமாகப் பார்க்கிற நர்ஸ், குடும்பத் தலைவியையும் ஓய்வு பெற்ற பெரியவரையும் கோட்டைவிட்டுவிடுவார். சந்தேகப்படப்பட்டவரும் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். அதோடு, துறைமுக வாசலில் வண்டியோடு வரிசையில் நிற்பவரால் காலை ஓ.பி.க்கு வர முடியாது. மாலை நேரச் சோதனையை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது நம் பங்கு. எவ்வளவு நல்ல நர்ஸ் கேட்டாலும் "தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, வேலையை விட்டு நிறுத்துவாங்க" என்ற பயம் இருந்தால் யாரும் விரலை நீட்டமாட்டார்கள். அந்தப் பயம் நம்மால் வருவது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்று இருக்கிறது என்பதற்காக வாடகைக்கு வீடு மறுப்பதும் வேலையிலிருந்து நீக்குவதும் பாகுபாடு. சட்டம் அதைத் தடை செய்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும், செக்யூரிட்டி அண்ணனுக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும் இது பொருந்தும். ஒரே லிஃப்டில் போவதாலும், ஒரே டம்ளரில் குடிப்பதாலும், கொசுக்கடியாலும் இது பரவாது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1097க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை. சர்க்கரை, பிரஷர் பார்ப்பது போல இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் போனால், மற்றவர்களுக்கும் கூச்சம் விடும்.