மந்த காலம் வருமுன்னே குடும்பத்தைக் காக்கும் கணக்கு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

பொருளாதார மந்தம் என்னும் சொல்லை வானொலியிலும் நாளிதழ்களிலும் நாம் அவ்வப்போது கேட்கிறோம். அதைக் கேட்ட மாத்திரத்தில் அஞ்சுவோர் உண்டு. அது பட்டணத்து முதலாளிகளின் கவலை, நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாளாவிருப்போரும் உண்டு. இவ்விரண்டுமே நமக்குப் பொருந்தா.

பால்மரத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு மந்தம் புதிய செய்தி அன்று. ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது பால் குறைகிறது. அடைமழை நாட்களில் வெட்டு நின்றுவிடுகிறது. அம்மாதங்களின் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும்போது நம் முகம் வாடுகிறது. ஆயினும் இலையுதிர் காலம் எப்போது வரும் என்பதை நாம் அறிவோம். அது எப்போது முடியும் என்பதையும் அறிவோம். பொருளாதார மந்தமோ நாள் குறிப்பிடாமல் வரும் இலையுதிர் காலம். ஆகவே நான் இன்று வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்றுதான்: குறைந்த மாதத்துச் சம்பளத்திற்குள் குடும்பத்தை நடத்த இப்பொழுதே பழகிக்கொள்வோமாக. அப்பழக்கம் இருந்தால் மந்தம் எந்த மாதத்தில் வந்தாலும் குடும்பம் நிலைகுலையாது.

மந்தம் நுழையும் வாயில்கள்

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி வாகனங்களின் டயர்களாக மாறுகிறது. அதை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு சீனா. தொலைதூர நாடுகளில் மக்கள் கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டால், டயர்த் தொழிற்சாலைகள் கொள்முதலைக் குறைக்கின்றன. ரப்பர் விலை சரிகிறது. விலையை ஒட்டி ஊக்கத்தொகை வழங்கும் தோட்டங்களில் அச்சரிவு நேரே சம்பளச் சீட்டிற்கு வந்துவிடுகிறது. நாம் வெட்டிய மரமும் அதுவே, சுமந்த பாலும் அதுவே; கூலி மட்டும் குறைகிறது.

நம் முன்னோர் இதைக் கொடிய வடிவில் கண்டனர். 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பெருமந்தத்தின்போது, 1932-இல் ரப்பர் விலை ஓர் இராத்தலுக்குப் பத்துக் காசுக்கும் கீழே வீழ்ந்தது. தோட்டங்களில் கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்று அவர்களுக்குச் சேமநிதியும் இல்லை. வேலையிழப்புக் காப்புறுதியும் இல்லை.

அதன்பின் வந்த மந்தங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வாயில் வழியாக நுழைந்தன. 1985-இல் மூலப்பொருள்களின் விலை வீழ்ச்சியால் மலேசியப் பொருளாதாரம் சுருங்கியது. அவ்வாண்டு இறுதியில் ஈயச் சந்தையும் நிலைகுலைந்தது. 1998-இல் நாட்டின் உற்பத்தி 7 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. அதற்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளியாக இருந்த நாணய மதிப்பு 3 வெள்ளி 80 காசில் நிறுத்தப்பட்டது. அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களின் விலை ஏறி, சம்பளம் குறையாத வீட்டிலும் பற்றாக்குறை புகுந்தது. 2008-இல் ஆண்டின் நடுவில் உச்சத்திலிருந்த ரப்பர் விலை ஆண்டு இறுதிக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. 2020-இல் பெருந்தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நகரத்து ஹோட்டல்களிலும் கடைகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் பலர் வருமானமின்றி நின்றனர்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? மந்தம் என்றால் வேலை போவது மட்டும் அன்று. கூலி குறையலாம், விலைவாசி ஏறலாம், வீட்டுக்குப் பணம் அனுப்பிய பிள்ளை வெறுங்கையோடு திரும்பலாம். இம்மூன்றையும் எண்ணியே குடும்பத்தை ஆயத்தம் செய்தல் வேண்டும்.

குறைந்த மாதத்துக் கணக்கு

இன்றிரவே கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வரிசையாக வையுங்கள். அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவெனப் பாருங்கள். அதுவே உங்கள் குடும்பத்தின் உண்மையான மாத வருமானம் எனக் கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் நல்ல காலம் நமக்கு அளிக்கும் உபரி.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். ஒருவருக்குப் பிடித்தம் போக, இலையுதிர் காலத்து மூன்று மாதங்களில் மாதம் 1,500 வெள்ளியும், ஆறு மாதங்களில் 1,800 வெள்ளியும், பால் மிகுந்த மூன்று மாதங்களில் 2,100 வெள்ளியும் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். குடும்பச் செலவு 1,500-க்குள் அடங்குமானால், ஓராண்டில் மிஞ்சும் உபரி 3,600 வெள்ளி. பிள்ளைகளின் பள்ளித் தேவை, தீபாவளி, மருத்துவம் ஆகியவற்றிற்கு அதில் பாதியை ஒதுக்கினாலும் 1,800 வெள்ளி எஞ்சும். அஃதாவது, ஒரு மாதச் சம்பளமே வராவிட்டாலும் அடுப்பு எரியும். இவ்வாறு மூன்றாண்டுகள் செய்தால், மூன்று மாதங்களுக்கு மேல் தாங்கும் வலிமை அக்குடும்பத்திற்கு உண்டாகிறது.

இப்பணம் அரிசிப் பானையிலோ அலமாரியிலோ இருத்தல் ஆகாது. கையெட்டும் இடத்தில் உள்ள பணம் கைமாற்றாகவும் வீண்செலவாகவும் கரைந்துவிடும். சம்பளம் வந்த அன்றே வங்கியில் வேறொரு கணக்கில் சேர்த்துவிடுங்கள். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்று காத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நிர்வாகத்தின் அனுமதியோடு வீட்டருகே மரவள்ளி, முருங்கை, கீரை, கத்தரி, மிளகாய் முதலியவற்றைப் பயிரிடுதல் நம் மூத்தோரின் வழக்கம். விலைவாசி ஏறும் காலத்தில் அச்சிறு தோட்டம் ஒரு பகுதிச் சம்பளத்திற்கு நிகராகும். மந்தம் வந்தபின் விதை ஊன்றினால் உடனே பயன் கிடையாது, இன்றே ஊன்றுங்கள்.

கடன் என்னும் சுமை

மந்த காலத்தில் ஒரு குடும்பத்தை வீழ்த்துவது பெரும்பாலும் வருமானக் குறைவு அன்று; நல்ல காலத்தில் வாங்கிய கடனே ஆகும். சம்பளம் குறையும், தவணை குறையாது. மோட்டார் சைக்கிள், தொலைபேசி, தொலைக்காட்சி, அறைகலன் என ஒவ்வொன்றையும் தவணையில் எடுக்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: குறைந்த மாதத்துச் சம்பளத்திலும் இத்தவணையைக் கட்ட இயலுமா? இயலாதெனில் அப்பொருள் நமக்கு இன்னும் உரியது அன்று.

நகையை அடகு வைக்க நேர்ந்தால், உரிமம் பெற்ற கடைக்கே செல்லுங்கள். அடகுக்கடைச் சட்டப்படி மாத வட்டி 2 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது. இது சிறிது போலத் தோன்றினும், 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டியாகிறது. ஆதலின் மீட்கும் வழியை எண்ணியே அடகு வைத்தல் வேண்டும். உரிமமற்ற வட்டிக்காரர்களிடம் அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். அவர்களிடம் வாங்கிய சில நூறு வெள்ளி, குடும்பத்தின் நிம்மதி முழுவதையும் விழுங்கிவிடும்.

கூட்டுப் பணம் கட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்துள்ளது. நல்ல காலத்தில் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுவர். மந்தம் வந்தால், முதலில் எடுத்தவர் கட்டாமல் நிற்பார். கடைசியில் எடுக்க வேண்டியவர் ஏமாறுவார். நாம் பாதுகாப்பைத் தேடும் வேளையிலேயே அது கைவிட்டுவிடும்.

கடன் ஏற்கனவே கழுத்தை நெரிக்குமாயின் ஒளிந்துகொள்ளாதீர்கள். வங்கிக் கடன்களைச் சீரமைக்க உதவும் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் கட்டணமின்றி வழிகாட்டி வருகிறது. இரண்டு தவணை தவறுமுன் சென்றால் வழி எளிது.

சேமநிதி காப்பதற்கே

ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கப்பெற்றது. நம் சம்பளத்தில் 11 விழுக்காடும், அதற்கு மேல் முதலாளியின் பங்கும் அதிற் சேர்கின்றன. 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றுக் காலத்தில் சிறப்பு அனுமதியின் பேரில் நாடெங்கும் உறுப்பினர்கள் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளியை எடுத்தனர். அன்றைய பசிக்கு அது உதவியது. ஆனால் பலருடைய முதுமைக் கணக்கு வற்றியது.

பால்வெட்டும் கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டைக்கு உள்ளே மரம்வரை கத்தியை இறக்கினால் அன்றைக்குச் சில மங்குகள் கூடுதலாக நிறையலாம். ஆனால் காயம்பட்ட இடத்தில் நல்ல பட்டை மீண்டும் வளராது. சேமநிதியும் அப்படியே. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டோரின் புதிய சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: முதுமைக்கென 75 விழுக்காடு, வீடு போன்ற தேவைகளுக்கு 15, எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கிற்கு 10. இந்தப் பத்து விழுக்காட்டை மாதந்தோறும் எடுத்துச் செலவிடாமல் விட்டுவைப்பதே, தனிமுயற்சியின்றிச் சேரும் மந்தகாலச் சேமிப்பு ஆகும்.

வேலை நின்றால்

2018 முதல் நம் சம்பளத்திலிருந்து வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கும் சிறு தொகை பிடிக்கப்படுகிறது. ஆட்குறைப்பினால் வேலை இழந்த மலேசியர், வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறியாமையால் அந்நாட்களைக் கடத்தினால் உரிய உதவி கைநழுவும்.

மேலும், தீபகற்ப மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. ஓராண்டு முடித்து இரண்டாண்டு நிறையாதவருக்கு ஆண்டிற்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டிற்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம் சேரும். இதற்குச் சான்று நம் சம்பளச் சீட்டுகளே. அவற்றைக் குப்பையில் எறியாதீர்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், சேமநிதிக்கு வாரிசு நியமித்த ஆவணம் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் வையுங்கள். தோட்டம் கைமாறும்போதோ வேலை நிறுத்தப்படும்போதோ நீட்டப்படும் தாளில், தொழிற்சங்கத்திடம் காட்டாமல் கையொப்பம் இடாதீர்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு இன்னுமொரு கவலை உண்டு. பட்டணத்துத் தொழிலாளி வேலையை இழந்தால் வேலையை மட்டுமே இழக்கிறார். தோட்டத் தொழிலாளியோ வேலையோடு வீட்டையும் இழக்க நேரிடும். ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது இதனை எத்தனையோ குடும்பங்கள் அனுபவித்தன. ஆதலின் சொந்த வீடென்பது ஆடம்பரம் அன்று. மந்தத்திற்கு எதிரான முதல் அரண். மலிவு விலை வீட்டிற்கு முன்கூட்டியே மனுச் செய்யுங்கள். முன்பணத்திற்கெனத் தனியே சேருங்கள்.

குடும்பம் கூடிப் பேசுதல்

இக்கணக்கைத் தந்தை ஒருவரே மனத்திற்குள் சுமத்தல் கூடாது. மாதம் ஒருமுறை கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அமர்ந்து வரவுசெலவைப் பேசுங்கள். எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசிவரை குறைக்கக் கூடாது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். குடி, சூது, ஆடம்பர விருந்து, கடன்பட்டுச் செய்யும் சடங்கு ஆகியவை முதலில் செல்லட்டும். பிள்ளையின் படிப்பும் சத்துள்ள உணவும் கடைசிவரை நிற்கட்டும். கடினமான ஆண்டில் பள்ளியை விட்ட பிள்ளை, நல்ல ஆண்டு திரும்பியபின் மீண்டும் வகுப்பறைக்குச் செல்வது அரிது.

தொழிலாளப் பெருமக்களே! சிறுசேமிப்பு என்ன செய்துவிடும் என்று எவரேனும் கேட்டால், நம் வரலாற்றையே விடையாகக் கூறுங்கள். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்வெட்டிய கைகள் சிறுகச் சிறுகத் தந்த பங்குப் பணத்தைக் கொண்டு, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பெற்றது. அத்தொழிலாளர் பெற்ற கூலி நம் கூலியினும் மிகக் குறைவு. ஆயினும் அவர்களால் இயன்றது.

நாம் தோட்டம் வாங்க வேண்டியதில்லை. குறைந்த மாதத்துச் சம்பளத்திற்குள் வாழ்ந்து, நிறைந்த மாதத்து உபரியைக் காத்துவைத்தால் போதும். மந்தம் வாராது போயின் அப்பணம் பிள்ளையின் மேற்படிப்பிற்கோ சொந்த வீட்டிற்கோ ஆகும். வருமாயின் அது நம்மைக் காக்கும். அடுத்த சம்பள நாளிலேயே இதனைத் தொடங்குமாறு உங்கள் அனைவரையும் அன்புடன் வேண்டி அமைகிறேன்.