சதுரங்கப் புதிர்ப் போட்டியும் அதன் விதிகளும்

சதுரங்கம் என்றதும், பலகையின் இருபுறமும் இருவர் அமர்ந்து ஒருவரை ஒருவர் வெல்ல முயலும் காட்சியே பலருடைய மனக்கண்முன் தோன்றும். அந்த ஆட்டத்தோடு உடன்பிறந்த கலை ஒன்றும் உண்டு. அதிலே எதிராளி இல்லை, கடிகாரமும் இல்லை. ஒருவர் தனியே அமர்ந்து, பலகையில் சில காய்களை ஒரு நிலையில் நிறுத்தி, “வெள்ளை முதலில் ஆடி, கருப்பு எவ்வாறு எதிர்த்தாலும் இரண்டே நகர்த்தல்களில் கருப்பு அரசனை வீழ்த்துக” என்று உலகத்தாருக்கு ஒரு வினா விடுக்கிறார். இதுவே சதுரங்கப் புதிர். மூன்று நகர்த்தல், நான்கு நகர்த்தல் புதிர்களும் உள. “வெள்ளை வெல்க” அல்லது “சமன் செய்க” என்று மட்டும் கூறி, நகர்த்தல்களின் தொகையைக் குறிப்பிடாது விடுவனவும் உள.

இப்புதிர்களை இயற்றுவோருக்கெனச் சர்வதேசப் போட்டிகள் நடைபெறுகின்றன என்பதைச் சதுரங்கம் நன்கு ஆடுவோரிலும் பலர் அறியார். 1854ஆம் ஆண்டு இலண்டனில் நடந்ததே இத்துறையின் முதற் போட்டி என்பர். அதில் வென்றவர் வால்ட்டர் கிரிம்ஷா என்னும் ஆங்கிலேயர். கோட்டையும் மந்திரியும் ஒன்றன் வழியை மற்றொன்று மறித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. (ஆங்கிலத்தில் பிஷப் எனப்படும், மூலைவாட்டில் செல்லும் காயே இங்கு மந்திரி எனப்படுகின்றது. ஊருக்கு ஊர் இப்பெயர்கள் மாறுவதால் இதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று.)

இக்கலையின் வரலாற்றில் நம் அயல்நாடான இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1845ஆம் ஆண்டில், ஹவார்ட் ஸ்டோன்டன் நடத்திய ஆங்கிலச் சதுரங்க இதழில் நான்கு நகர்த்தற் புதிர் ஒன்று வெளியாயிற்று. அதை அனுப்பியவர் “ஷாகிர்த்” என்று மட்டும் கையொப்பமிட்டிருந்தார். பாரசீக மொழியில் அதற்கு மாணாக்கன் என்பது பொருள். அவர் இந்தியாவில் சமயப் பணி புரிந்த லவ்டே என்னும் ஆங்கில மதகுரு. அப்புதிரின் நுட்பம் வியக்கத்தக்கது. வெள்ளை தன் மந்திரியைப் பலகையின் ஓரத்துக்குப் பின்வாங்கச் செய்கிறது. பின்பு அந்த மந்திரியின் வழியைத் தன் கோட்டையாலேயே தானே அடைத்துக்கொள்கிறது. பார்ப்பவருக்கு இது பேதைமை போலத் தோன்றும். ஆனால் அப்படி அடைக்காவிடில் கருப்பு அரசனுக்கு நகர இடமின்றி ஆட்டம் சமனாகிவிடும். வழி அடைபட்டதும் அரசன் ஓர் அடி வைக்கிறான்; உடனே கோட்டை விலக, பின்னே பதுங்கியிருந்த மந்திரியும் விலகிய கோட்டையும் ஒருசேர அவனைத் தாக்குகின்றன. இந்தியப் புதிர் என்று பெயர்பெற்ற இதைப்பற்றி ஜெர்மானிய அறிஞர் இருவர் 1903இல் ஒரு தனி நூலே எழுதினர்.

லவ்டே தம் பெயரை மறைத்ததற்குக் காரணம் தன்னடக்கமாயிருக்கலாம். போட்டிகளிலோ பெயரை மறைத்தல் விதியாகவே வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்டியாளர் தம் புதிரின் மேல் ஒரு குறிச்சொல்லை மட்டும் எழுதுவர். மெய்ப்பெயரை முத்திரையிட்ட வேறோர் உறையில் வைப்பர். தீர்ப்பு முடிந்த பின்னரே உறை திறக்கப்படும். இக்காலத்தில் அந்தப் பொறுப்பு போட்டி இயக்குநரைச் சார்ந்தது. வந்த புதிர்கள் அனைத்தையும் அவர் ஒரே மாதிரியான படங்களாக வரைந்து, பெயர்களை நீக்கி, எண்கள் மட்டும் இட்டு நடுவரிடம் ஒப்படைக்கிறார். கையெழுத்தைக் கண்டே ஆளை அறியக்கூடிய சிறிய உலகம் இது என்பதால், அந்தச் சீரான படங்களும் காரணமின்றி வந்தவையல்ல. நடுவரின் நண்பருடைய புதிரும், எவரும் கேள்விப்படாத ஊரிலுள்ள இளைஞனின் புதிரும் இவ்விதியின்முன் ஒன்றே. பரீட்சை விடைத்தாளிற் சுட்டெண் இடும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, புதிர் எப்படியிருத்தல் வேண்டும் என்பதற்கான விதிகள். இவற்றுள் தலையாயது, தீர்வு ஒன்றே ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது. முதல் நகர்த்தலுக்கு ஆசிரியர் கருதியது ஒழிய இன்னொரு வழியும் இருந்துவிட்டால், புதிர் எத்துணை அழகியதாயினும் தள்ளுபடியாகும். ஆறு மாத உழைப்பு ஒரு காலாளின் எதிர்பாராத ஓரடியால் அழிந்துபோவதுண்டு. இது கொடுமையெனச் சிலர் கருதலாம். ஆயினும் இரு விடையுள்ள வினாவைப் புதிர் என்று எங்ஙனம் கொள்வது?

அடுத்தது, அந்த நிலை மெய்யான ஆட்டத்தில் தோன்றக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது. ஆட்டம் அழகாய் ஆடப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை. விதிப்படி ஆடப்பட்டிருந்தாற் போதும். காலாள் பக்கத்து வரிசைக்குச் செல்ல ஒரே வழி, எதிரியின் காயொன்றை வெட்டுவது. ஆகவே மூன்று வெள்ளைக் காலாட்கள் ஒரே நேர்வரிசையில் நின்றால், குறைந்தது இரண்டு கருப்புக் காய்களாவது வெட்டுண்டிருக்க வேண்டும். கருப்பின் பதினாறு காய்களில் பதினைந்து இன்னும் பலகையில் நின்றால், அந்நிலை பொய். நடுவர் இவ்வாறு பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் சுவையானவை, கோட்டை கட்டுதல் பற்றியும், கடந்து செல்லும் காலாளை வெட்டுதல் பற்றியும் உள்ள இரு விதிகள். அரசனோ கோட்டையோ முன்பே நகர்ந்திருந்தால் கோட்டை கட்டும் உரிமை போய்விடும். எதிரியின் காலாள் இரண்டு கட்டம் பாய்ந்த மறு நகர்த்தலிலேயே அதைக் கடந்த கட்டத்தில் வைத்து வெட்டலாம். அடுத்த முறை வெட்ட இயலாது. இரண்டும் முன்பு நடந்ததைச் சார்ந்த உரிமைகள். புதிரிலோ முன்பு நடந்தது எவருக்கும் தெரியாது. பலகையில் நிற்பது மட்டுமே சாட்சி. ஆகவே விதி இவ்வாறு தீர்த்தது: அரசனும் கோட்டையும் தத்தம் கட்டத்தில் நின்றால், உரிமை இழந்தது நிரூபிக்கப்பட்டாலன்றிக் கோட்டை கட்டலாம். காலாளை வெட்டுவதற்கோ, அக்காலாளின் இரட்டைப் பாய்ச்சலே இறுதியாக நடந்தது என்று நிரூபித்த பின்னரே அனுமதி உண்டு. முன்னதில் ஐயத்தின் பலன் ஆடுவோனுக்கு. பின்னதில் நிரூபிக்கும் சுமை ஆடுவோன்மேல். நீதிமன்றத்தில் வழக்குரைப்போர் இவ்விதியைப் படித்தால் மகிழ்வர். பலகையில் இல்லாத கடந்த காலத்தையே வினாவாக்கும் ஒரு தனிப் புதிரினம் இந்த நுட்பத்திலிருந்து வளர்ந்தது.

இவ்விதிகளை நாடுகள் பலவும் ஏற்கும் வண்ணம் ஒழுங்குபடுத்துதற்கு உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் சார்பில் 1956இல் ஒரு நிரந்தர ஆணைக்குழு தோன்றிற்று. 1958இல் பிரான் நகரில் கூடி அது ஒரு விதித்தொகுப்பை வகுத்தது. 2010இல் அந்த ஆணைக்குழு தனிச் சம்மேளனமாக உருமாறியது. அதன் ஆதரவில் வெளிவரும் தொகுதி நூலில் ஒரு புதிர் இடம்பெற வேண்டுமாயின், நடுவர் மூவர் தனித்தனியே பூச்சியம் முதல் நான்கு வரை புள்ளியிட்டு, மொத்தம் பன்னிரண்டில் எட்டையேனும் அது பெறல் வேண்டும். அங்ஙனம் எழுபது புள்ளி சேர்த்தவர் புதிரியற்றலில் கிராண்ட்மாஸ்டர் ஆவார். 1972இல் அப்பட்டத்தை முதன்முதற் பெற்ற நால்வருள் ஒருவர் கொமின்ஸ் மான்ஸ்பீல்ட். பிழைப்புக்குப் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்.

பிழைப்பு ஒன்றும் கலை ஒன்றுமாக வாழ்ந்தோர் இத்துறையிற் பலர். கருப்புக் காலாள் அரசியாகவோ, கோட்டையாகவோ, மந்திரியாகவோ, குதிரையாகவோ எதுவாய் உயர்ந்தாலும், வெள்ளைக் காலாளும் அதுவாகவே உயர்ந்தாலன்றி வெற்றி இல்லை என்று ஒரு புதிரை அமைக்க முடியுமா? இது நெடுங்காலம் நின்ற ஒரு கேள்வி. பிரான்சு தேசத்துத் துருமார் என்பவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனோடு போராடி, இறுதியிற் கைவிட்டார். அவர் கைவிட்டதன் மறு ஆண்டு, 1983இல், லியோனித் யாரோஷ் என்பவர் இயற்றிய விடை சோவியத் சதுரங்க இதழில் வெளியாயிற்று. அவர் கசான் நகரத்து உதைபந்தாட்டப் பயிற்றுநர்.

நடுவரின் தீர்ப்போடு போட்டி முடிவதில்லை என்பதையும் கூறவேண்டும். பரிசு, கௌரவக் குறிப்பு, பாராட்டு என மூன்று தரமாக அவர் வழங்கும் முடிவு, முதலில் தற்காலிக முடிவாகவே வெளியாகும். பெரும்பாலும் மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் எழுதலாம்: இப்புதிருக்கு இன்னொரு தீர்வு உண்டு, அல்லது இக்கருத்தை இன்னார் இன்ன ஆண்டிலேயே இயற்றிவிட்டார் என்று. முந்தியவரைக் கண்டே அறியாமல் இருவர் ஒரே கருத்தை அடைதல் இயல்பு. அது களவன்று, ஆயினும் பரிசு போய்விடும். இன்று கணினிகள் குறுகிய புதிர்களை நொடியில் ஆராய்ந்து, இரண்டாந் தீர்வு இருந்தாற் காட்டிவிடுகின்றன. ஆகவே முன்னாளில் இவ்வவகாசத்தில் வீழ்ந்த அளவுக்குப் புதிர்கள் இப்போது வீழ்வதில்லை. அழகைத் தீர்மானிக்கும் வேலை மட்டும் நடுவரிடமே நின்றுவிட்டது.

வாசகர் ஒருவரின் திருத்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, போட்டி எதிலும் சேராத ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது தகும். 1895ஆம் ஆண்டு மே மாதம் கிளாஸ்கோவில் ஒரு வார இதழின் சதுரங்கப் பகுதியில், அதை நடத்திய பார்பியே என்பவர் ஒரு நிலையை அச்சிட்டார். பலகையில் நான்கே காய்கள். வெள்ளைக்கு அரசனும், உயர்வை நெருங்கிய ஒரு காலாளும். கருப்புக்கு மூலையில் ஓர் அரசனும் ஒரு கோட்டையும். காலாள் அரசியானால், கருப்புக் கோட்டை தன்னையே பலியிட்டு அந்த அரசியை இழுக்கும். அரசி அதை வெட்டியதும் மூலையிலுள்ள அரசனுக்கு நகர இடமின்றி ஆட்டம் சமனாகும். ஆகவே சமன் என்றார் பார்பியே. அக்காலம் அந்நகரில் வாழ்ந்தவர் பெர்னாண்டோ சாவேத்ரா என்னும் ஸ்பானிய மதகுரு. பேர்பெற்ற ஆட்டக்காரர் அல்லர். காலாளை அரசியாக்காது கோட்டையாக்கினால் என்ன என்று அவர் கேட்டார். அரசி மூலைவாட்டிலும் தாக்குவாள். கோட்டைக்கு அந்த வலிமை இல்லை. அந்தக் குறைவினாலேயே கருப்பு அரசனுக்கு ஓர் இடம் மிஞ்சுகிறது, சமன் தப்பிவிடுகிறது. மூலையில் வீழ்த்துவேன் என்று வெள்ளைக் கோட்டை அச்சுறுத்த, கருப்புக் கோட்டை தன் அரசனைக் காக்க ஒரே ஓரிடத்துக்குத்தான் செல்லலாம். வெள்ளை அரசன் ஓரடி வைத்து அதைத் தாக்குகிறான். அதே அடியால், மறுபுறத்திலிருந்து கருப்பு அரசனை வீழ்த்தும் வழியும் திறந்துவிடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தடுக்கக் கருப்பால் இயலாது.

பார்பியே அத்திருத்தத்தை அம்மாதத்திலேயே ஏற்று வெளியிட்டார். அந்த நிலை இன்று உலகெங்கும் சாவேத்ராவின் பெயராலேயே வழங்குகின்றது.