கல்லுக்குள் ஒளிந்த எண்ணெய்



நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கில், மிரி நகரத்துக் குன்றின்மேல் 1910-ஆம் ஆண்டு தோண்டப்பட்டது. 1972-இல் அது மூடப்பட்டது. இதை நான் வகுப்பில் சொன்னபோது, பால்மரம் வெட்டுகிற ஒருவரின் மகன் எழுந்து, "ஐயா, ஒரு கிணற்றை மூடினால் அதில் எண்ணெய் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொருளா?" என்று கேட்டான். "ஆமாம், உட்கார்" என்றேன். பிறகு நூல்களைப் புரட்டியபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது.

பொதுவாக, பூமிக்குள் இருக்கும் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வழக்கமான முறைகளால் மேலே வருகிறது. மீதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஏன்?

பூமிக்கு அடியில் எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளில், ஈர மணலில் நீர் இருப்பதுபோல் இருக்கிறது. ஒரு கிணற்றின் வழியாகத் தண்ணீரைச் செலுத்தினால் அது எண்ணெயில் ஒரு பகுதியை மற்றொரு கிணற்றுக்குத் தள்ளும். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் சேராதவை. சிறு சிறு துளிகள் குறுகிய இடுக்குகளில் அடைத்துக்கொண்டு நகர மறுக்கின்றன.

தாய்மார்களே, எண்ணெய் படிந்த சட்டியை வெறுந்தண்ணீரில் கழுவினால் போகுமா? சவர்க்காரம் வேண்டும். சவர்க்காரத் துகளின் ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். அது இடையில் நின்று இரண்டின் பகையையும் தணிக்கிறது. பாறைக்குள்ளும் இதே வேலைதான். ஆனால் அங்கே அந்தப் பகை பல்லாயிரம் மடங்கு குறைந்தால்தான் சிக்கிய துளி நெளிந்து வெளிவரும்.

அதற்கு உப்பின் அளவு முக்கியம். உப்பு குறைந்தால் சவர்க்காரம் தண்ணீரோடு தங்கிவிடும். மிகுந்தால் எண்ணெய்க்குள் புகுந்துவிடும். அளவாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது அடுக்கு ஒன்று தோன்றும். அதுவே நுண்பால்மம். இந்த நிலைகளை வின்சர் என்ற அறிவியலாளர் 1948-இல் வகைப்படுத்தினார்.

பால்மம் நமக்குப் புதிதன்று. மங்கில் சொட்டும் ரப்பர்ப் பாலும் ஒரு பால்மமே. தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைப் புரதம் போர்த்திக் காக்கிறது. அமிலம் விட்டால் அந்தக் காவல் கெட்டுப் பால் உறைகிறது. நுண்பால்மத்தின் கூறுகளோ மிகமிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியனவாகவும் இருக்கும். அதனால் அது பால்போல் வெளுக்காமல் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். கடைய வேண்டியதும் இல்லை, தானே உருவாகும்.

சங்கடங்களும் உண்டு. பாறை சவர்க்காரத்தை உறிஞ்சிவிடும். ஆழத்தின் வெப்பம் அதைக் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் அது திரிந்துபோகும். செலவோ பெரிது. ஆகவே காரமும் சேர்க்கிறார்கள். அது சவர்க்காரம் வீணாவதைக் குறைக்கிறது. கஞ்சிபோல் நீரைக் கெட்டியாக்கும் பொருளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அது எண்ணெயைச் சீராகத் தள்ளுகிறது. 1959-இல் கண்டுபிடிக்கப்பட்ட சீனாவின் தாச்சிங் எண்ணெய் வயலில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டிருக்கிறது. நம் நாட்டு ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் சலவைப் பொருள் இதற்கு உதவுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் வெட்டும் குலைக்கும் கடலடி எண்ணெய்க்கும் இப்படி ஓர் உறவு!

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து, "நான் சொன்னது தவறு, நீ கேட்டது நல்ல கேள்வி" என்றேன். வகுப்பே வியந்து பார்த்தது. பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்" என்று அனுப்புங்கள். நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் எடுக்கப்படாத செல்வம் நிறைய இருக்கிறது.